பட்டறைக் கேள்விகள்: அடைக்கப் போன ஓட்டை ஏன் பெரிதாகிறது?

இந்த மாதம் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கார் புகைக்குழாயைப் பற்றியே கேட்டிருக்கின்றன. வீட்டு மின் இணைப்பிலேயே ஓடும் சிறிய மிக் வெல்டிங் மெஷின்கள் (கையில் பிடிக்கும் டார்ச் வழியாக ஒயர் தானாக வந்து உருகி ஒட்டும் வகை) பலர் கைக்கு வந்துவிட்டதும், கடலோர ஊர்களில் சைலன்சர்கள் சீக்கிரமே துருப்பிடித்துப் போவதும் இதற்குக் காரணமாக இருக்கலாம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீளமானது. மற்ற பதில்கள் அதைத் துணைக்கு வைத்துக்கொண்டு படிக்க வேண்டியவை.

கேள்வி: ஐயா, வணக்கம். என் பெட்ரோல் காருக்குப் பன்னிரண்டு வயதாகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. இப்போது சைலன்சருக்கு முன்னால் உள்ள குழாயில் பட்டாணி அளவுக்கு ஓர் ஓட்டை. நானே அடைத்துவிடலாம் என்று சிறிய மிக் மெஷின் ஒன்று வாங்கினேன். 0.8 மில்லிமீட்டர் ஒயர், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். டார்ச்சை வைத்த உடனே குழாய் உருகி வழிகிறது. பட்டாணி அளவு ஓட்டை இப்போது ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு வந்துவிட்டது. மெஷின் சரியில்லையா, என் கை சரியில்லையா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: மெஷினும் சரி, கையும் சரி, நீங்கள் பற்றவைக்க முயன்ற இடத்தில் இரும்பே மிச்சமில்லை என்பதுதான் உண்மையான காரணம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. வண்டி தொலைதூரம் ஓடினால் குழாய் நன்றாகச் சூடேறி அந்த ஆவி முழுவதும் வெளியே போய்விடும். தேவனாம்பட்டினத்திலிருந்து மஞ்சக்குப்பம் வரை போய்த் திரும்புவதோடு நின்றுவிடும் வண்டியில் குழாய் சூடாவதற்குள் பயணமே முடிந்துவிடுவதால், ஆவி உள்ளேயே நீராகிக் குழாயின் தாழ்வான இடத்தில் தேங்குகிறது. புகையின் அமிலத்தன்மையும் அதில் சேர்ந்துகொள்கிறது. ஆகவே வெள்ளத்தில் நின்ற இரண்டு நாட்களைவிட, இத்தனை ஆண்டுகளாக உள்ளிருந்து அரித்து வந்த அந்த நீர்தான் உங்கள் குழாயைத் தின்றிருக்கும். வெளியிலிருந்து உப்புக்காற்று தன் பங்குக்கு அரித்திருக்கும். உங்கள் கண்ணில் பட்ட ஓட்டை, மெலிந்துபோன ஒரு பெரிய பரப்பில் முதலில் விட்டுக்கொடுத்த புள்ளி மட்டுமே. அதைச் சுற்றி நான்கு விரற்கடைக்கு முட்டை ஓடு போன்ற தகடுதான் இருக்கும்.

எனவே முதல் வேலை டார்ச்சை எடுப்பதல்ல, குழாயை வெட்டுவது. சிறிய சுத்தியலால் ஓட்டையிலிருந்து தள்ளித் தள்ளித் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று ஒலிக்கும். துருவேறிய இடம் ‘டொக்’ என்று அடங்கிப்போகும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து உள்ளங்கையால் அழுத்தினால், கெட்டுப்போன தகடு உள்வாங்கிவிடும். ஒலி மாறும் இடத்துக்கும் இரண்டு அங்குலம் அப்பால் வெட்டி, வெட்டிய விளிம்பை வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். புதிதாக இருந்தபோது 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் இருந்திருக்கக்கூடிய சுவர், அங்கே 1 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் இன்னும் பின்னுக்குப் போய் வெட்டுங்கள். குழாய் குட்டையாகிக்கொண்டே போகிறதே என்று மனம் தயங்கும், தயங்க வேண்டாம். புதிய குழாய் அடிக்கணக்கில் கிடைக்கிறது. கெட்ட விளிம்பில் போட்ட ஒட்டு, ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த மழைக்காலத்தில் விட்டுவிடும்.

வெட்டிய பகுதிக்குப் பதிலாக 16 கேஜ் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல் என்னும் சாதாரண இரும்பு) குழாய் வாங்குங்கள். அது சுமார் 1.6 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. புதிதாகக் கற்பவருக்கு அந்தக் கூடுதல் தடிமன் பெரிய உதவி. இரண்டு முனைகளையும் நேருக்கு நேர் முட்டவைத்து ஒட்டுவதைவிட, ஒன்றுக்குள் ஒன்று சுமார் 40 மில்லிமீட்டர் நுழையும்படி வைத்து, மேல் குழாயின் விளிம்பைச் சுற்றி ஒட்டுவதையே உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். முட்டவைத்த ஒட்டில் ஆர்க்கின் (வெல்டிங் மின்பொறியின்) சூட்டைத் தாங்க ஒரு சுவர்தான் உண்டு. நுழைத்த ஒட்டில் இரண்டு உண்டு. எந்தக் குழாய் உள்ளே போக வேண்டும் என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. என்ஜின் பக்கமிருந்து வரும் குழாய் உள்ளேயும், பின்பக்கம் போகும் குழாய் வெளியேயும் இருக்க வேண்டும். அப்போதுதான் புகை விளிம்பில் மோதாமல் வழுக்கிக்கொண்டு போகும், தேங்கும் நீரும் இடுக்கில் இறங்காது. இரண்டுக்கும் நடுவில் ஆட்டம் இருக்கக் கூடாது. கையால் அழுத்திச் சுழற்றினால் இறுக்கமாக ஏறும் பொருத்தமே நல்ல பொருத்தம். இடைவெளி ஒயரின் தடிமனில் பாதிக்கு மேல் போனால், அந்த இடைவெளியை நிரப்பப் போய்த்தான் பலருக்கும் ஓட்டை விழுகிறது. என் அனுபவத்தில், ஓட்டை விழுந்த பத்துக் குழாய்களில் எட்டு ஒன்பது பொருத்தத்தில் கெட்டவைதான்.

இரண்டு பக்கமும் 20 மில்லிமீட்டர் அகலத்துக்குத் துரு, பெயிண்ட், எண்ணெய் எதுவும் இல்லாமல் கிரைண்டரில் மாட்டும் ஃப்ளாப் டிஸ்க்கால் வெள்ளி போல் மின்னும்வரை தேய்த்துவிடுங்கள். வெட்டிய முனையின் உள்பக்கத்தையும் மறக்காதீர்கள். எண்ணெயைப் போக்கப் பிரேக் கிளீனரைத் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். குளோரின் சேர்ந்த கிளீனர் மீது வெல்டிங் சூடும் ஒளியும் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உருவாகும். அது உயிரையே எடுக்கக்கூடியது. துணியில் அசிட்டோன் நனைத்துத் துடைத்து, முழுவதும் உலர்ந்து, புட்டியையும் துணியையும் தூர வைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

இனி மெஷின். மெல்லிய இரும்புக்கு ஒரு மில்லிமீட்டருக்கு சுமார் 40 ஆம்பியர் என்ற கணக்கு கைகொடுக்கும். உங்கள் பழைய குழாய் 1.2 மில்லிமீட்டர் என்றால் 50 ஆம்பியருக்கு அருகில், 16 வோல்ட்டை ஒட்டி வையுங்கள். மெஷினில் ஆம்பியர் காட்டும் வசதி இல்லையென்றால் ஒயரின் வேகத்தை அளந்து தெரிந்துகொள்ளலாம். மெஷினிலிருந்து வந்து குழாயைக் கவ்வும் எர்த் கிளாம்ப்பைத் தனியே கழற்றி எதிலும் படாமல் வைத்துவிட்டு, டார்ச்சின் ட்ரிக்கரைச் சரியாக ஆறு விநாடி அழுத்தி, வெளியே வந்த ஒயரை வெட்டி அளந்து பாருங்கள். 0.8 ஒயர் 25 முதல் 30 சென்டிமீட்டர் வந்திருந்தால், நிமிடத்துக்கு இரண்டரை முதல் மூன்று மீட்டர் வேகம். ஏறத்தாழ 50, 60 ஆம்பியருக்கு உரிய அளவு அதுதான். ஒயர் அதிகமானால் அது உருகுவதற்கு முன்பே குழாயில் முட்டி டார்ச்சைப் பின்னுக்குத் தள்ளுவதைக் கை உணரும். குறைந்தால் முனையில் பெரிய உருண்டையாகத் திரண்டு, ஒயர் வெளியே வரும் டார்ச் முனையான டிப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். சரியாக அமைந்துவிட்டால் எண்ணெயில் வடை வேகும்போது கேட்பது போன்ற ஒரே சீரான சடசடப்பு கேட்கும். கடுகு வெடிப்பது போல விட்டுவிட்டு வெடித்தால் இன்னும் திருத்த வேண்டும் என்று பொருள்.

கார்பன் டை ஆக்சைடு மட்டும் விட்டும் இந்த வேலையைச் செய்யலாம். ஆனால் அது ஆழமாக இறங்கும் சூட்டையும் அதிகப் பொறியையும் தரும். மெல்லிய தகட்டுக்கு இரண்டுமே வேண்டாதவை. எண்பது பங்கு ஆர்கானும் இருபது பங்கு கார்பன் டை ஆக்சைடும் கலந்த சிலிண்டர் விலை கூடுதல்தான் என்றாலும், 1.2 மில்லிமீட்டர் குழாயில் கற்றுக்கொள்பவருக்கு அந்தச் செலவு தகும். அதோடு 0.6 ஒயருக்கு மாற முடிந்தால் இன்னும் நல்லது. அப்போது டார்ச் டிப்பையும், ஒயரைத் தள்ளும் ரோலரின் பள்ளத்தையும் அதே அளவுக்கு மாற்ற வேண்டும்.

இப்போது கை செய்ய வேண்டியது. முதலில் மேலே, கீழே, வலம், இடம் என்று நான்கு பொட்டு வைத்துக் குழாய் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகு கோடு இழுப்பதுபோல் சுற்றிலும் ஒரே ஓட்டமாக ஒட்ட நினைக்க வேண்டாம். கட்டுமானக் கம்பியிலும் கேட்டிலும் பழகிய கை அப்படித்தான் போகும். மெல்லிய குழாயில் அந்தப் பழக்கமே எதிரி. முதல் அங்குலம் அழகாக வரும், இரண்டாவது அங்குலத்தில் உருகிய இரும்பின் குட்டை அகலமாகும், மூன்றாவதில் குழாய்க்குள் விழுந்துவிடும். சூடு வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போவதுதான் அதற்குக் காரணம். ஆகவே ட்ரிக்கரை ஒரு விநாடி அழுத்தி ஒரு பொட்டு வைத்துவிட்டு, கையை அதே இடத்தில் வைத்தபடி ஹெல்மெட் கண்ணாடி வழியாகப் பாருங்கள். வெள்ளையாக ஒளிர்ந்த பொட்டு ஆரஞ்சாகி, சிவந்து, கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துபோகும். அது மறைந்த கணத்தில் அடுத்த பொட்டை, முந்தைய பொட்டின் பாதியை மூடும்படி வையுங்கள். இப்படிப் பத்து, பதினைந்து மில்லிமீட்டர் முடிந்ததும் குழாயின் எதிர்ப்பக்கத்துக்குப் போய் அதேபோல் செய்யுங்கள். தையல்காரர் ஊசியைக் குத்தி எடுத்துக் குத்தி எடுத்துத் தைப்பதைப் போன்ற வேலை இது.

நுழைத்த ஒட்டில் முதலில் உருகிப் பின்வாங்குவது மேல் குழாயின் விளிம்புதான். அதனால் ஒயரை விளிம்பை நோக்கிப் பிடிக்காமல், உள்ளே போன குழாயின் பரப்பில் விளிம்பிலிருந்து ஒரு நூல் தள்ளிப் பிடித்து, உருகிய குட்டை தானாக விளிம்பைத் தொட்டு நனைப்பதைக் காத்திருந்து பாருங்கள். டார்ச்சை இழுத்துக்கொண்டு வராமல், போகும் திசையை நோக்கிச் சற்றே சாய்த்துத் தள்ளிக்கொண்டு போனால் சூடு ஆழமாக இறங்காது. குழாயைச் சுழற்றக்கூடிய வசதி இருந்தால், கடிகாரத்தின் 2 மணி இடத்திலிருந்து 4 மணி இடத்தை நோக்கிக் கீழ்முகமாக ஒட்டுங்கள். தடித்த இரும்பில் கீழ்முக ஒட்டைத் தவிர்க்கச் சொல்வார்கள். மெல்லிய குழாயில் அது நன்மையே செய்யும்.

ஏற்கெனவே விழுந்த ஓட்டை, முனையிலிருந்து கை எட்டும் தொலைவில் இருந்தால் உள்ளே தட்டையாக்கிய செம்புத் துண்டு ஒன்றை அண்டைக் கொடுத்து மேலிருந்து பொட்டு பொட்டாக நிரப்பலாம். ஏ.சி. வேலை செய்பவரிடம் கேட்டால் ஒரு முழச் செம்புக் குழாய் கிடைக்கும். செம்பு சூட்டை வாங்கிக்கொள்ளும், இரும்பு அதில் ஒட்டாது. உங்கள் குழாயில் இந்த வழி வேண்டாம், வெட்டி எறிந்துவிடுங்கள்.

வண்டிக் குழாயில் கை வைப்பதற்கு முன் துண்டுக் குழாய்களில் நான்கைந்து ஒட்டுப் போட்டுப் பழகி, ஒன்றை நெடுக்காக அறுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். ஒட்டின் நேர் பின்னால் நீலமும் சாம்பலுமான சூட்டுக் கோடு தொடர்ச்சியாகத் தெரிந்தால் சூடு போதுமான அளவு இறங்கியிருக்கிறது. கோடே இல்லையென்றால் மேலே அழகாகத் தெரியும் ஒட்டு வெறுமனே குழாய் மேல் படுத்திருக்கிறது. ஓட்டைக்குப் பயந்து சூட்டை அளவுக்கு மீறிக் குறைப்பவர்களுக்கு இந்தத் தவறு நேரும்.

கேள்வி: ஐயா, நானும் என் வீட்டுக்காரரும் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறோம். சிலிண்டர் வேண்டாத, கேஸ் இல்லாத மிக் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறோம். ஒட்டு முழுவதும் கரடுமுரடாக வருகிறது, குழாயும் உருகுகிறது. கார் சைலன்சருக்கு இது ஆகுமா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: அம்மா, முதலில் மெஷினின் உள்மூடியைத் திறந்து, டார்ச் எந்த முனையில் இணைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கேஸ் விட்டு ஒட்டும் சாதாரண ஒயருக்கு டார்ச் பாசிட்டிவ்விலும் எர்த் நெகட்டிவ்விலும் இருக்க வேண்டும். உள்ளே ஃப்ளக்ஸ் மருந்து அடைத்த, கேஸ் வேண்டாத ஒயருக்கு இது நேர்மாறு: டார்ச் நெகட்டிவ், எர்த் பாசிட்டிவ். இதை மாற்றாமல் ஓட்டினால் நீங்கள் எழுதியிருக்கும் அத்தனை கோளாறுகளும் வரும். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு இணைப்புகளையும் மாற்றிப் போட்டாலே பாதித் தொல்லை நீங்கிவிடும்.

இருந்தாலும் மெல்லிய புகைக்குழாய்க்கு இது முதல் தேர்வு அல்ல. மேலே சொன்ன பொட்டு பொட்டான ஒட்டில் ஒவ்வொரு பொட்டின் மேலும் கசடு படியும். அதைத் தட்டி நீக்காமல் அடுத்த பொட்டை வைத்தால் கசடு உள்ளே சிக்கி, பிறகு அதன் வழியாகவே புகை கசியும். 16 கேஜ் குழாயை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து, 0.8 ஒயரில், மூன்று நான்கு பொட்டுக்கு ஒருமுறை நிறுத்திக் கசடைத் தட்டிப் பிரஷ் போட்டுச் செய்வதானால் செய்யலாம். டிப்பிலிருந்து ஒயர் வெளியே நீளும் அளவு கேஸ் ஒயருக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் போதும். இந்த ஒயருக்கு 12 முதல் 15 வரை விடுங்கள்.

கேள்வி: சார், நான் ஐ.டி.ஐ. வெல்டர் பிரிவில் படிக்கிறேன். பழைய கார்க் குழாய் ஒன்று துருப்பிடிக்காமல் இருக்கிறது, ஆனால் காந்தம் ஒட்டுகிறது. அது எஸ்.எஸ்.ஸா (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா), எம்.எஸ்.ஸா? எந்த ஒயர் போட வேண்டும்?
– மாணவர், செம்மண்டலம்

பதில்: தம்பி, காந்தம் ஒட்டினால் எஸ்.எஸ். இல்லை என்று பாத்திரக்கடையில் சொல்லும் விதி புகைக்குழாய்க்குப் பொருந்தாது. கார் தயாரிப்பவர்கள் பெரிதும் பயன்படுத்தும் 409 வகையில் சுமார் 11 விழுக்காடு குரோமியம்தான் உண்டு, நிக்கல் ஏறக்குறைய இல்லை. காந்தம் நன்றாகவே ஒட்டும். மேலே லேசான பழுப்பு படரும், ஆழமாக அரிக்காது. 304 வகையில் காந்தம் ஒட்டாது. இன்னொரு வகையும் இருக்கிறது: எம்.எஸ். குழாய்க்கு மேல் அலுமினியப் பூச்சு. வெள்ளிச் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும். ஃப்ளாப் டிஸ்க் பட்டதும் பூச்சு போய்ச் சாதாரண இரும்பின் பளபளப்பு தெரிந்துவிடும். ஒட்டும் இடத்தில் அந்தப் பூச்சை முழுவதும் நீக்கிவிட்டு எம்.எஸ். ஒயர் போடலாம்.

304-ஐ 304-உடன் ஒட்ட 308 எல் ஒயர், எஸ்.எஸ். குழாயை எம்.எஸ். குழாயுடன் ஒட்ட 309 எல் ஒயர். ஆர்கானில் கார்பன் டை ஆக்சைடு இரண்டு விழுக்காடு மட்டும் கலந்த கேஸ் வேண்டும். எண்பது-இருபது கலவையில் ஒட்டு கறுத்து, துருவைத் தாங்கும் தன்மை குறையும். 304 சூட்டைக் கடத்துவது குறைவு, சூட்டில் விரிவது அதிகம் என்பதால் எம்.எஸ்.ஸுக்கு வைக்கும் ஆம்பியரைவிடக் குறைத்து, பொட்டுகளுக்கு இடையே அதிக நேரம் கொடுக்க வேண்டும். எஸ்.எஸ். ஒட்டும் புகையில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய குரோமியச் சேர்மம் இருக்கிறது. புகையை இழுக்கும் ஃபேன் இல்லாத மூலையில் இதைப் பழக வேண்டாம்.

கேள்வி: வீடு கட்டியபோது மிஞ்சிய ஜி.ஐ. தண்ணீர்க் குழாய் வீட்டில் கிடக்கிறது. தடிமனாக இருக்கிறது, துருவும் பிடிக்காது. அதையே சைலன்சர் குழாயாகப் போட்டால் என்ன?
– வாசகர், பண்ருட்டி

பதில்: போடக் கூடாது. ஜி.ஐ. குழாய் என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருக 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே இரும்பு உருகும் முன்பே துத்தநாகம் முழுவதும் புகையாகி உங்கள் மூக்கருகே நிற்கும். நான் தொழில் கற்றுக்கொண்டிருந்த நாட்களில், முதுநகரில் ஒரு பட்டறையில், ஐப்பசி மழைக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு ஜி.ஐ. குழாயில் ஒரு கேட் வேலை முழுப்பகலும் செய்தோம். விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைப் பஞ்சு போலத் துகள் மிதந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சாயங்காலம் வாயில் இனிப்பு கலந்த ஓர் உலோகச் சுவை. இரவு எட்டு மணிக்கு மேல் பல் கிட்டிப்போகும் அளவுக்கு நடுக்கம், குளிர்சுரம், நெஞ்சு இறுக்கம். இரண்டு போர்வை போர்த்தியும் அடங்கவில்லை. மறுநாள் மாலைக்குள் சரியாகிவிட்டது என்றாலும், அந்த இரவை இன்னொருவர் அனுபவிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். பால் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

ஒட்டு வேலை முடிந்த பிறகும் தொல்லை தீராது. என்ஜினுக்கு அருகிலுள்ள குழாய் பல நூறு டிகிரி சூடேறும் இடம். அந்தச் சூட்டில் துத்தநாகப் பூச்சு உரிந்துபோகும். தண்ணீர்க் குழாயின் எடையைத் தாங்க, குழாயை வண்டிக்கடியில் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பர்களும் வடிவமைக்கப்படவில்லை.

கேள்வி: குழாயைக் கழற்றாமல், வண்டிக்குக் கீழேயே படுத்துக்கொண்டு ஒட்டிவிடலாமா? பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்கிறார்களே, அவசியமா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: குழாயை வண்டியிலேயே பொருத்திப் பார்த்து, அது சரியான கோணத்தில் நிற்பதற்காக மூன்று நான்கு பொட்டு மட்டும் கீழே வைத்துவிட்டு, கழற்றி மேசையில் வைத்து முழு ஒட்டையும் போடுவதே முறை. மேசையில் குழாயைச் சுழற்றலாம், கண் நேராகப் பார்க்கலாம், குட்டை உங்கள் முகத்தை நோக்கி விழாது. அந்த மூன்று நான்கு பொட்டுக்காகவே கீழே சொல்லும் அத்தனை ஏற்பாடுகளும் தேவை.

பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கட்டாயம் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப்பை, ஒட்டும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள், தேய்த்துப் பளபளப்பாக்கிய அதே குழாயில் மாட்டுங்கள். வண்டியின் பாடியிலோ என்ஜினிலோ மாட்டினால் வெல்டிங் மின்சாரம் தனக்கு எளிதான வழியைத் தேடிக்கொண்டு பேரிங், சென்சார் ஒயர், கம்ப்யூட்டர் எர்த் ஆகியவற்றின் வழியாகப் போகக்கூடும். புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் அருகில் இருந்தால் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

நெருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியது இதைவிட முக்கியம். பெட்ரோல் டேங்க்கும், பெட்ரோல் குழாயும், பிரேக் ஹோஸும் பெரும்பாலான கார்களில் புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே போகின்றன. அடித்தளத்தில் பூசியிருக்கும் தார் போன்ற பூச்சும், தளத்துக்கு மேலே காருக்குள் விரித்திருக்கும் கார்ப்பெட்டும் எரியக்கூடியவை. உள்ளே ஒருவர் உட்கார்ந்து கார்ப்பெட்டை மடித்துத் தளத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெட்ரோல் வாசனை சிறிதளவு வந்தாலும் அன்றைக்கு அந்த வேலையைத் தொடாதீர்கள். தீயணைப்பான் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வேலை முடிந்து அரை மணி நேரம் வரை யாராவது வண்டியின் அருகில் இருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே போய்க் கனியும் பொறி உடனே புகையாது. ஜாக்கியை மட்டும் நம்பியோ செங்கல் அடுக்கியோ வண்டிக்கடியில் போகாமல் ஸ்டாண்டு வையுங்கள். லுங்கியும் செருப்புமாகவோ, பாலியஸ்டர் சட்டையோடோ படுக்க வேண்டாம். முழுக்கைப் பருத்திச் சட்டை, பேண்ட், தோல் கையுறை, மூடிய ஷூ, 9 அல்லது 10 எண் கண்ணாடி போட்ட ஹெல்மெட் ஆகியவை வேண்டும்.

வண்டிக்கடியில் பின்னல் கம்பி சுற்றிய பெல்லோஸ் (வளைந்து கொடுக்கும் இணைப்புக் குழாய்) கிழிந்திருந்தால் அதைப் பின்னலோடு சேர்த்து ஒட்டிவிடாதீர்கள். அது அசைந்து கொடுப்பதற்காகவே வைக்கப்பட்டது. இறுக ஒட்டினால் என்ஜினின் அதிர்வு முழுவதும், என்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து அனுப்பும் மேனிஃபோல்டுக்குப் போகும். அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய பெல்லோஸ் வைத்து ஒட்டுங்கள்.

கேள்வி: காலையில் போட்ட ஒட்டு நன்றாக வருகிறது. பிற்பகலில் அதே மெஷின், அதே குழாய். ஒட்டு முழுவதும் பொடிப் பொடித் துளையாகத் தேன்கூடு போல் இருக்கிறது. ஏன்?
– வாசகர், கடலூர் துறைமுகம்

பதில்: கடற்காற்றுதான். உங்கள் பட்டறை வாசல் கிழக்கே பார்த்திருக்கும் என்று நினைக்கிறேன். மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகமுள்ள காற்றே போதும், உருகிய இரும்பை வெளிக்காற்றிலிருந்து காக்க டார்ச்சிலிருந்து வரும் கேஸை ஒதுக்கித் தள்ளிவிடும். அதை ஈடுகட்ட ரெகுலேட்டரை மேலும் மேலும் திறப்பதால் பயன் இல்லை. வேகம் மிகுந்த கேஸ் சுழன்று வெளிக்காற்றையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 10 முதல் 12 லிட்டரில் வைத்து, காற்று வரும் பக்கத்தில் தகரம் ஒன்றைச் சாய்த்து மறைப்புக் கட்டுங்கள், அல்லது இந்த வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மறைத்த பிறகும் துளை விழுந்தால் ஒயர் ஸ்பூலைப் பாருங்கள். துறைமுகத்து ஈரத்தில் திறந்து கிடந்த ஒயரின் செம்புப் பூச்சில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். மேல் சுற்றுகளை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வையுங்கள்.

கேள்வி: ஒட்டு முடிந்தபின் கசிவு இல்லை என்று எப்படி உறுதி செய்வது? சிறிய கசிவு இருந்தால் சத்தம்தானே, அதனால் என்ன கெடுதல்?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: சத்தம் மட்டும் என்று எண்ண வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முன்பக்கக் குழாயில் கசிவு இருந்து, தளத்தில் எங்காவது துரு ஓட்டையும் இருந்தால், கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு முதலில் தலைவலியும் மயக்கமும்தான் தெரியும். பின்சீட்டில் தூங்கும் குழந்தைக்கு அதுவும் தெரியாது. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் அதன் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, என்ஜினில் பெட்ரோல் குறைகிறது என்று சென்சார் தவறாகச் சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் விழும்.

சோதிக்கும் முறை எளியது. குழாயை வண்டியில் மாட்டி, என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, காற்றூதும் புளோயர் ஒன்றின் வாயைப் பின் குழாயில் வைத்துத் துணியால் சுற்றி, மெதுவான காற்றை உள்ளே விடுங்கள். சோப்பு நீரைப் பிரஷ்ஷால் ஒட்டின் மேல் சுற்றிலும் தடவினால், கசியும் இடத்தில் நுரை புடைத்துக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பக்கத்தைச் சிறிய கண்ணாடி வைத்துப் பாருங்கள்; கசிவுகள் பெரும்பாலும் ஒட்டைத் தொடங்கிய புள்ளியிலும் முடித்த புள்ளியிலும்தான் இருக்கும். நுரை வந்த இடத்தில் சாக்பீஸால் குறித்து, குழாயைக் கழற்றி, சோப்பைக் கழுவி உலரவைத்து, அந்தப் புள்ளியைக் கிரைண்டரால் லேசாகத் தோண்டிவிட்டு ஒரு பொட்டு வையுங்கள். தோண்டாமல் மேலே பூசினால் துளை உள்ளே அப்படியே இருக்கும்.

கசிவு நின்றதும் ஒட்டின் மேல் கண்ணாடித் துணுக்குகள் போல் பழுப்பாகப் படிந்திருப்பதை வயர் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்துவிட்டு, சூடு தாங்கும் அலுமினியப் பெயிண்ட்டை ஒட்டுக்கும் அதன் இரு பக்கத்துக்கும் இரண்டு முறை மெல்லியதாகப் பூசுங்கள். நீங்கள் தேய்த்து வெள்ளையாக்கிய அந்த 20 மில்லிமீட்டர்தான் இனிக் கடற்காற்றுக்கு முதலில் இலக்காகும் இடம். பெயிண்ட் காய்ந்தபின் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்திப் பத்து நிமிடம் என்ஜினை ஓடவிடுங்கள். பெயிண்ட் இறுகும்போது கொஞ்ச நேரம் புகையும் வாடையும் வரும். அது அடங்கிய பிறகு, குளிரவிட்டு, ஹேங்கர் ரப்பர்களையும் குழாய் இணைப்புகளிலுள்ள ஃபிளாஞ்ச் போல்ட்டுகளையும் இன்னொரு முறை இறுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.